ஊசி முறிக்கும் கோதுகள்

மூன்றாவது ஊசியும் முறிந்தபோது, அந்த டையைச் செய்தவனின் பரம்பரையையே இழுத்துவைத்துத் திட்டினேன். நான் நின்றது பேஸ்மென்றில். மேலே குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டு நின்ற என் மனுசன் இரத்தினவேலுக்கு ஒரு சொல்லும் தவறாமல் கேட்டிருக்கும். ஆனால் அவர் நகரத்து ரீரீசி பஸ் ஓட்டுகிறவர். ரோட்டில் அவர் வாங்காத பேச்சா? நான் கத்துவது அவருக்கு ரேடியோவில் காலநிலை சொல்வது மாதிரி.

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்பது ஸ்காபுறோவில் எங்களைத் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். பக்கத்து நகரமான மார்க்கத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். அங்கே நாள் முழுக்கச் சிரித்த முகத்தோடு நிற்கிறபடியால்தான் யோகமலரின் கோபமெல்லாம் சேர்ந்து வீட்டுக்கு வருகிறது என்று என் மனுசன் சொல்வார்.

நான் துவக்குச் சுடுகிறவள். ஆளையோ மிருகத்தையோ அல்ல, கடதாசியை. ஊரில் யுத்தக் காலத்தில் வெடிச்சத்தம் கேட்டால் பங்கருக்குள் பாய்ந்த சனத்தில் நானும் ஒருத்தி. இந்தக் குளிர்நாட்டுக்கு வந்து, லைசென்ஸ் எடுத்து, கிளப்பில் சேர்ந்து, சந்தா கட்டி வெடி வைக்கிறேன் என்று சொந்தக்காரர் கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். முந்நூறு மீற்றருக்கு அப்பால் இருக்கிற கறுப்பு வட்டத்தில், நான் நினைத்த இடத்தில், நான் நினைத்த நேரத்தில் ஓட்டை விழுகிறது. அந்தச் சத்தம் ஒன்றுதான் என் சொல் கேட்கிற சத்தம். அந்தச் சந்தோசத்துக்கு ஈடாக எனக்கு வேறொன்றும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை மாகாணப் போட்டி. எங்கள் கிளப்பிலிருந்து நாலு பேர் கொண்ட ஒரு குழு போகிறது. பல வருசம் வெளியே நின்று கைதட்டிய பிறகு, இந்த வருசம்தான் நாலாவது இடம் எனக்குக் கிடைத்திருந்தது. குழுத் தலைவர் மாக்கஸ் சிரிக்கத் தெரியாத மனிதர். போன வருசம் ஒருவன் துவக்குக்கு அரைகுறையாகச் செய்த ரவைகளோடு வந்து குழுவையே கவிழ்த்துவிட்டான். அதனால் இம்முறை அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: வியாழன் பின்னேரம் கிளப்புக்கு வந்து, என் ரவை தயார் என்று நீயே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் உன் இடம் நீக்கிலாசுக்கு.

நீக்கிலாஸ் மன்னார்க்காரன், நாற்பது வயதுப் பெடியன். கிளப்பில் என்னை விட்டால் தமிழ் ஆள் அவன்தான். யாராவது வராவிட்டால் போவதற்குக் காத்திருந்த ஐந்தாவது ஆளும் அவன்தான். நல்லவன், ஆனால் வாய் சும்மா இருக்காது.

இனி அந்த ஊசிக்கு வருகிறேன். கடையில் விற்கிற ரவை என் துவக்குக்கு ஒத்துவராது. அதைப் போட்டால் ஓட்டைகள் கடதாசி முழுக்கச் சிதறும். அதனால் நானே வீட்டில் ரவை கட்டுகிறேன். சுட்டு முடிந்த ரவையின் பித்தளைக் கோதைத் திரும்பத் திரும்பப் பாவிக்கலாம். கோதின் அடியில் பிரைமர் என்று ஒரு சின்ன மூடி இருக்கும், நெற்றிப் பொட்டளவு. எரிந்துபோன பழைய பிரைமரைத் தள்ளி எடுத்தால்தான் புதியதை வைக்க முடியும். அதற்குத்தான் டீகாப்பிங் டை என்கிற இரும்புக் குழல். கோதைப் பிரெஸ் என்கிற அழுத்து மெசினில் நிறுத்திக் கைபிடியை இழுத்தால், கோது மேலே ஏறி டைக்குள் போகும். உள்ளே நிற்கிற ஊசி கோதின் வாய்க்குள்ளால் இறங்கி, அடியில் உள்ள துளையால் பிரைமரைக் குத்தித் தள்ளும். டொக் என்று விழும். அரிசியில் கல் பொறுக்குவதை விட இலேசான வேலை. திங்கள் பின்னேரம் கோதுகளைத் தூக்கிக்கொண்டு நான் கீழே இறங்கியது அந்த நினைப்பில்தான்.

முதலாவது கோதில் ஊசி வளைந்தது. வேறு ஊசி போட்டேன். இரண்டாவது கோது எப்படியோ விட்டுக்கொடுத்தது. மூன்றாவதில் டக் என்ற சத்தத்தோடு ஊசி முறிந்து கோதுக்குள்ளேயே விழுந்தது. பிறகு இன்னொன்று. மேசையில் பித்தளைக் கோதுகள் புதுக் கல்யாணப் பொம்பிளை மாதிரி மினுங்கிக்கொண்டு இருந்தன. அவற்றைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் டையை விற்ற கடைக்குப் போன் எடுத்தேன். எடுத்தவன் பாவம். நீங்கள் விற்றது டையா, விளையாட்டுச் சாமானா என்று கேட்டேன். அவன் பொறுமையாக, ஊசி நடுவில் நிற்கிறதா, அளவுக்கு மேல் கீழே நீட்டிக்கொண்டு நிற்கிறதா என்று பார்க்கச் சொன்னான். எனக்குத் தெரியாததையா சொல்கிறாய் என்று போனை வைத்துவிட்டேன். ஆனால் வேலை முடிந்ததும் அந்தக் கடைக்கே போய்ப் புது ஊசிகள் வாங்கினேன். முகத்தைப் பார்த்து அவனுக்கு என்னைத் தெரியாது என்பது ஒரு ஆறுதல்.

வீட்டுக்கு வந்து அவன் சொன்னதைத்தான் செய்தேன். டையைக் கழற்றித் துடைத்தேன். ஊசியைத் தளர்த்தி, கோதின் துளைக்கு நேராக நடுவில் நிறுத்தி இறுக்கினேன். நீளத்தைக் குறைத்து, துளையைத் தாண்டிக் கொஞ்சம் மட்டும் நீட்ட விட்டேன். பிறகு ரோச் லைற் அடித்து ஒவ்வொரு கோதுக்குள்ளும் பார்த்தேன். சில நாட்டுக் கோதுகளில் நடுவில் ஒரு துளைக்குப் பதிலாக ஓரத்தில் இரண்டு சின்னத் துளைகள் இருக்கும். அதில் இந்த ஊசியை விட்டால் முறியத்தான் செய்யும். ஆனால் என்னுடையவை எல்லாம் ஒரே பெட்டியில் வாங்கி என் துவக்கிலேயே சுட்டவை. ஒவ்வொன்றிலும் நடுவில் ஒரு வட்டத் துளை, ஒழுங்காகத்தான் இருந்தது.

எல்லாம் சரி. கைபிடியை இழுத்தேன். டக்.

அந்த நேரம் பார்த்து நீக்கிலாசின் போன்.

“யோகமக்கா, என்ன மாதிரி? ரவையெல்லாம் கட்டி முடிஞ்சுதோ?”

“நீ உன்ர அலுவலைப் பார்.”

“இல்லையக்கா, சனிக்கிழமை எனக்கு வேற வேலை ஒண்டும் இல்லை. ஏலாட்டில் வெக்கப்படாமல் சொல்லுங்கோ. நான் ரவையெல்லாம் பெட்டியில அடுக்கி, செபமும் சொல்லி வைச்சிருக்கிறன்.”

“உன்ர செபத்தை நீ கவனமா வைச்சிரு. உனக்குத்தான் தேவைப்படும்.”

வாய் அப்படிச் சொன்னது. உள்ளுக்குள் பயமாக இருந்தது. கோபத்தை எனக்குப் பழக்கம், பயம் பழக்கமில்லை. இத்தனை வருசம் காத்திருந்து கிடைத்த இடம், ஒரு தையலூசி அளவுக் கம்பியால் போகப்போகிறதே என்று படியில் குந்தியிருந்து அழுதேன். அழுததை யாருக்கும் சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

புதன்கிழமை வேலைக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டு வீட்டில் நின்றேன். ஒரு தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, திட்டாமல் யோசித்துப் பார்ப்போம் என்று கீழே போனேன். மேசைக்குக் கீழே ஒரு தகரப்பேணி இருந்தது. பலமுறை சுட்டு வாய் வெடித்து, இனி உதவாது என்று நான் எறிந்த பழைய கோதுகள் அதற்குள் கிடந்தன. கரி பிடித்து, கழுவாமல், பிரைமரும் எடுக்காமல். டையில் இன்னொரு ஊசியை மாட்டி, அதில் ஒன்றை எடுத்துப் பிரெஸ்ஸில் வைத்தேன்.

டொக்.

இன்னொன்று. டொக். கையை நிறைத்து அள்ளி எடுத்து ஒவ்வொன்றாக வைத்தேன். டொக், டொக், டொக். அதே டை, அதே ரக ஊசி. கடைக்காரனில் பிழையில்லை, டையில் பிழையில்லை, ஊசியில் பிழையில்லை. ஊத்தைக் கோது விட்டுக்கொடுக்கிறது, மினுங்குகிற கோது ஊசியை முறிக்கிறது.

மினுங்குகிற கோதில் ஒன்றைக் கவிழ்த்துப் பிடித்து, நான் வேலை செய்கிற கடையிலிருந்து கொண்டுவந்த பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். பிரைமரைச் சுற்றி, மயிர்த் தடிப்பில் ஒரு பச்சைக் கோடு ஓடியது. ஊசி முனையால் சுரண்டினேன். பச்சைத் தூள் உதிர்ந்தது. களிம்பு! குத்துவிளக்கின் திரி முகத்துக்குக் கீழே, விரல் நுழையாத இடுக்கில் பிடிக்குமே, அதே களிம்பு.

எனக்கு மண்டைக்குள் பளிச்சென்றது. கோதுகளை நான் வழமையாக ஒரு மெசினில் போட்டுத்தான் துப்புரவாக்குவேன். அரைத்த வால்நட் கோதோடு சேர்த்துக் குலுக்கும், தண்ணீரே படாது. போன மாதம் அந்த மெசின் நின்றுவிட்டது. நீர் வேலைக்குப் போயிட்டு வாரும், நான் துப்புரவாக்கி வைக்கிறன் என்று பொறுப்பெடுத்தவர் என் மனுசன். எங்கள் வீட்டில் சாமியறை விளக்குகளையும் செம்பையும் மினுக்குவது அவர்தான். என்னை விட வடிவாகச் செய்வார்.

“இஞ்சருங்கோ!” என்று கத்தினேன்.

அவர் படியில் பாதி இறங்கி நின்று எட்டிப் பார்த்தார். “என்ன, உதுவும் முறிஞ்சு போச்சோ?”

“கோதுகளை என்னத்தில கழுவினீங்கள்?”

“ஏன், வடிவா மினுங்குதுதானே?”

“என்னத்தில எண்டு கேட்டனான்.”

“புளியிலதான். கொஞ்சம் உப்பும் போட்டனான். வேற என்னத்தில பித்தளை கழுவுறது?”

பழப்புளி! விளக்குக்குப் புளி போட்டால் கழுவின கையோடு துணியால் துடைத்துவிடுவோம். கோதுக்கு அடியில் பிரைமர் அடைத்துக்கொண்டு நிற்கிறது. புளியும் உப்பும் கலந்த தண்ணீர் துளையால் இறங்கி, பிரைமருக்கும் கோதுக்கும் நடுவில் போய்க் குடியிருந்திருக்கிறது. துடைக்க விரலும் போகாது, காயக் காற்றும் போகாது. ஒரு மாதமாக உள்ளே இருந்து களிம்பு கட்டி, பிரைமரைக் கோதோடு ஒட்ட வைத்துவிட்டது. வெளியே தங்கம், உள்ளே பூட்டு.

நான் இதைச் சொல்லிக் காட்டினேன். அவர் கோதை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார். முகம் சுருங்கிப் போய்விட்டது.

“அப்ப நான்தான் உம்மட போட்டியைக் கெடுத்தது.”

டை செய்தவனைத் திட்டினேன், கடைக்காரனைத் திட்டினேன், நீக்கிலாசைத் திட்டினேன். பிழை செய்த ஆள் முன்னால் நிற்கிறார், எனக்குக் கோபம் வரவில்லை. அவர் மங்கல் வெளிச்சத்தில் கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, என் கோதுகளை ஒவ்வொன்றாகப் புளி போட்டுத் தேய்க்கிறதுதான் கண்ணுக்குள் வந்தது. சாமி விளக்குக்குக் கொடுக்கிற அதே கவனத்தை என் வெடிக் கோதுக்குக் கொடுத்திருக்கிறார். இந்த மனுசனில் எனக்கு எவ்வளவு விருப்பம் என்று அந்த இடத்தில் நினைத்தேன். பிறகு சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் சிரித்தேன். பயந்து போயிருந்த அவரும் மெல்லச் சிரித்தார்.

“கெடேல்லை,” என்றேன். “என்ன வருத்தம் எண்டு தெரிஞ்சிட்டுது. இனி மருந்து செய்யலாம். கராஜுக்குள்ள, துருப்பிடிச்ச ஆணிக்கு அடிக்கிற எண்ணெய் இருக்கோ?”

இருந்தது. கோதுகளைத் தலைகீழாக நிறுத்தி, பிரைமரைச் சுற்றி அந்தப் பச்சைக் கோட்டில் ஒவ்வொரு துளி விட்டோம். அவர் பிடிக்க நான் விட்டேன், நான் பிடிக்க அவர் விட்டார். அடுத்த நாள் காலை வரைக்கும் எண்ணெய் உள்ளே இறங்கட்டும் என்று விட்டுவிட்டு, நான் போய் இன்னொரு டை வாங்கி வந்தேன். இது பிரைமர் தள்ள மட்டும் என்று செய்தது. ஊசி தடிப்பானது. அளவுக்கு மேல் அழுத்தினால் முறியாமல் மேலே வழுகும். அதே கடை, அதே பெடியன். இந்த முறை அவனிடம் நன்றி சொன்னேன். எதற்கு என்று அவனுக்கு விளங்கியிருக்காது.

வியாழன் காலை. எனக்கு அன்றைக்கு வேலை இல்லை, அவருக்குப் பின்னேர ஓட்டம். இரண்டு பேரும் கீழே போனோம். முதல் கோதை வைத்துக் கைபிடியை வெடுக்கென்று இழுத்தேன். ஊசி மேலே வழுகியது, பிரைமர் அசையவில்லை.

அப்போதுதான் என் கையை நானே பார்த்தேன். திங்களிலிருந்து நான் கைபிடியை இழுக்கவில்லை, அதோடு சண்டை பிடித்திருக்கிறேன். களிம்பு பாதி ஊசியை முறித்தது, மற்றப் பாதியை முறித்தது நான். துவக்கின் விசையை நான் இப்படியா அழுத்துவேன்? மூச்சை விட்டுவிட்டு, இருக்கிறதோ இல்லையோ என்கிற மாதிரி அல்லவா அழுத்துவேன்?

மூச்சை விட்டேன். கைபிடியைப் பிடித்து, பாரத்தை மெல்ல மெல்லக் கூட்டினேன். ஊசி போய் முட்டியது கையில் தெரிந்தது. நிறுத்தவில்லை, அவசரப்படவும் இல்லை. உள்ளே ஏதோ நொறுங்கியது.

டொக்.

“விழுந்திட்டுது!” என்று அவர் கத்தினார். வாழ்க்கையில் அந்த மனுசன் அவ்வளவு சத்தமாகக் கத்தி நான் கேட்டதில்லை.

அடுத்ததும் விழுந்தது. அதற்கடுத்ததும். பச்சைத் தூளோடு பழைய பிரைமர்கள் ஒவ்வொன்றாகப் பேணிக்குள் விழ விழ, அவர் ஒவ்வொன்றுக்கும் சபாஷ் என்றார். சிலதில் நடு மட்டும் பிய்ந்து வளையம் உள்ளேயே நின்றது. அவற்றைத் தூக்கி எறிந்தேன். அடி அரித்துக் குழி விழுந்தவற்றையும் எறிந்தேன். சந்தேகமான கோதைத் துவக்குக்குள் வைக்கக் கூடாது, அதில் எனக்கு இரக்கமே இல்லை. மிச்சம் போட்டிக்குப் போதுமாக இருந்தது.

இனிக் கோதில் எண்ணெய் இருக்கக் கூடாது. புது பிரைமரை அது கெடுத்துவிடும். அடியில் களிம்பும் இருக்கக் கூடாது. எதில் கழுவலாம் என்று நான் யோசிக்க, அவர் என் முகத்தையும் பார்க்காமல், சவர்க்காரத்தில கழுவிப் போட்டுப் பிறகு, என்று இழுத்தார்.

“சொல்லுங்கோ.”

“புளி களிம்பைத் தின்னும். இப்ப பிரைமர் இல்லைத்தானே. தண்ணி இந்தப் பக்கத்தால விட்டால் அந்தப் பக்கத்தால போகும்.”

அவர் சொன்னது முழுச் சரி. சவர்க்காரம், பிறகு புளி, பிறகு தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசல், பிறகு ஹீற்றர் காற்றுக்கு முன்னால் துணி விரித்துக் காயவைத்தல். கோதுகள் உள்ளும் புறமும் மினுங்கின. இந்த முறை எனக்கு வயிறு எரியவில்லை. புது பிரைமரும் மருந்தும் குண்டும் வைத்து, மத்தியானமே ரவைகளைக் கட்டி முடித்தேன்.

அன்று பின்னேரம் கிளப்பில், மாக்கஸ் கேட்கும் முன்னமே, என் ரவை தயார், பெட்டியில் அடுக்கியாச்சு என்றேன். அவர் தலையாட்டினார். நீக்கிலாஸ் பக்கத்தில் நின்றான். ஏமாற்றத்தை மறைக்கத் தெரியாத முகம் அவனுக்கு.

“உங்கட பிடிவாதத்துக்கு ஒரு கும்பிடு அக்கா,” என்றான். “நான் சனிக்கிழமை உங்களுக்குத் தூரக்கண்ணாடி பிடிக்கிறன்.”

சனிக்கிழமை அவன் சொன்னபடியே என் பின்னால் குந்தியிருந்து தூரக்கண்ணாடியால் கடதாசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு ரவையும் நான் வைத்த இடத்துக்குப் போனது. எனக்கே நம்ப முடியவில்லை. குழுவில் கடைசியாகச் சுட்டவள் நான். கடைசி ரவை மட்டும் மிச்சமிருந்தபோது, வடக்கிலிருந்து வந்த கிளப்பும் நாங்களும் புள்ளியில் ஒட்டி உரசிக்கொண்டு நின்றோம். நடு வட்டத்தில் பத்துப் புள்ளி விழுந்தால் வெற்றி எங்களுக்கு, ஒன்பது விழுந்தால் அவர்களுக்கு. மாக்கஸ் இதை என்னிடம் சொல்லவில்லை. நீக்கிலாசுக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

“அக்கா, பத்து வேணும்.”

“வாயை மூடு.”

காற்று இடது பக்கத்திலிருந்து அடித்தது. காற்றுக்காக நட்டிருந்த கொடி தாழும் வரைக்கும் காத்திருந்தேன். மூச்சை விட்டேன். விசையில் பாரத்தை மெல்ல மெல்லக் கூட்டினேன். அவசரமும் இல்லை, சண்டையும் இல்லை. துவக்கு தானாகவே வெடித்த மாதிரி இருந்தது.

திரும்பிப் பார்த்தால், நீக்கிலாஸ் தூரக்கண்ணாடியை விட்டு எழும்பி, இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நிற்கிறான்.

“பத்து! நட்ட நடுவில பத்து! மாதாவே, இந்த மனிசி ஆர்!”

என் இடத்துக்குக் காத்திருந்தவன் என் வெற்றிக்கு அழுதான். மாக்கஸ் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கும்போது அந்த மனிதருக்குப் பல் இருப்பது தெரிந்தது.

சனம் கொஞ்சம் விலகியதும் என் மனுசனுக்குப் போன் எடுத்தேன். கெனடி ஸ்ரேசனில் பஸ்ஸை நிறுத்திவிட்டு அடுத்த ஓட்டத்துக்குக் காத்திருந்தார்.

“வெண்டிட்டம்!” என்றேன். “கடைசி வெடி நான் வைச்சது. பத்து!”

அவர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு பஸ்ஸில் ஏறி இருந்த யாருக்கோ, என்ர மனுசி வெண்டிட்டாள் என்று இங்கிலிசில் சொல்வதும், அவர்கள் கைதட்டுவதும் கேட்டது.

“யோகம்,” என்றார் கடைசியில். “கோதுகளை அங்க விட்டிட்டு வராதேயும். எல்லாத்தையும் பொறுக்கிக்கொண்டு வாரும். இண்டைக்கே கழுவித் தாறன்.”

“ஐயோ, புளியைத் தொடாதேங்கோ!” நான் கத்திய கத்தில் ரேஞ்சில் நின்ற எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். “முதல் ஊசி, பிறகுதான் புளி!”